புயல் மாதங்களில் ஒரு வளைகுடா

(கடற்கரை ஊர் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது நம் கடலை அல்ல. அமெரிக்காவின் தென்கரையைப் பற்றிப் பேசப் போகிறேன். டெக்சாஸில் தொடங்கி லூசியானா, மிசிசிப்பி, அலபாமா என்று வளைந்து ஃபுளோரிடாவின் மேற்குக் கரை வரை நீளும் மெக்சிகோ வளைகுடா அது. ஆண்டுதோறும் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அங்கே ஹரிகேன் பருவம். நாம் புயல் என்று சொல்வதன் அட்லாண்டிக் வடிவம்தான் ஹரிகேன். அதன் உச்சம் செப்டம்பர் 10ஐ ஒட்டி வரும். அந்த ஆறு மாதமும் அந்தக் கரையில் மீன்பிடிப்பது எப்படி நடக்கிறது, புயல் வந்தால் மீனுக்கு என்ன ஆகிறது, மீனவனுக்கு என்ன ஆகிறது என்பதுதான் என் பேச்சு.

புயல் காலம் என்றால் தொழிலுக்குப் போகாமல் இருந்துவிட வேண்டியதுதானே என்று கரையில் இருப்பவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். வளைகுடாவில் அப்படி இருக்க முடியாது, ஏனென்றால் புயல் மாதங்கள்தான் மீன் மாதங்களும். லூசியானாவின் சதுப்புக் கழிகளில் வெள்ளை இறால் பாடு ஆகஸ்டில் தொடங்குகிறது. ரெட்ஃபிஷ் என்று அங்கே சொல்லும் பெரிய மீன்கள் முகத்துவாரங்களில் கூட்டமாக வந்து முட்டையிடுவது ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை. ஃபுளோரிடாவில் சிங்கி இறால் பருவம் ஆகஸ்டு 6இல் திறக்கிறது. ஸ்டோன் கிராப் என்ற கொடுக்கு பெருத்த நண்டுக்கு அக்டோபர் 15. மடவை மீன்கள் இலையுதிர் காலத்தின் முதல் குளிர் காற்றுக்குக் கழிகளை விட்டுத் திரண்டு வெளிக்கடலுக்குக் கிளம்புகின்றன. ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி இந்த மாதங்களில்தான் வலையில் விழுகிறது.

ஹெமிங்வேயின் ‘கிழவனும் கடலும்’ படித்தவர்கள் நினைத்துப் பாருங்கள். ஹவானாவுக்கு வடக்கே நடக்கிற அந்தக் கதையின் மாதம் செப்டம்பர். பெரிய மீன்கள் வரும் மாதம் அது என்பதும் கிழவருக்குத் தெரியும், புயல் மாதம் அது என்பதும் தெரியும். தொலைவுக்குப் போனவர் நடுக்கடலில் வானத்தைப் பார்த்துக் கணிக்கிறார். அந்தக் கணிப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

செயற்கைக்கோள் வருவதற்கு வெகுகாலம் முன்பே, ஹவானாவின் பெலென் கல்லூரி வானிலை ஆய்வுக் கூடத்தில் பெனிட்டோ வினியஸ் என்ற ஸ்பானிய ஏசுசபைப் பாதிரியார் இருந்தார். 1870 முதல் மேகங்களையும் காற்றையும் காற்றழுத்தமானியையும் நாள் தவறாமல் குறித்துவந்தவர். மிக உயரத்தில் இழை இழையாகப் பரவும் வெண்மேகங்கள் அடிவானத்தில் எந்தப் புள்ளியிலிருந்து விரிகின்றன என்று பார்த்தால் புயல் எந்தத் திசையில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்பது அவர் கண்டது. 1875 செப்டம்பரில் அவர் வெளியிட்ட எச்சரிக்கையை ஹரிகேன்களுக்கான முதல் முன்னறிவிப்பு என்று வரலாற்றில் குறிக்கிறார்கள். 1893இல் அவர் இறந்த பிறகு அவர் வழி வந்த கியூபக் கணிப்பாளர்கள் அந்தக் கலையைத் தொடர்ந்தார்கள்.

அதற்குப் பின் நடந்தது எனக்கு இன்றும் கோபத்தைத் தருகிறது. 1900இல் கியூபா அமெரிக்க ராணுவத்தின் கையில் இருந்தது. அமெரிக்க வானிலைத் துறை, கியூபக் கணிப்பாளர்களின் புயல் தந்திகள் வெளியே போகாதபடி தடுத்துவைத்தது. அந்தச் செப்டம்பரில் ஒரு புயல் கியூபாவைக் கடந்தது. அது வளைகுடாவுக்குள் நுழைந்து டெக்சாஸ் பக்கம் போகும் என்று கியூபர்கள் கருதினார்கள். வடக்கே திரும்பி ஃபுளோரிடா வழியாகப் போய்விடும் என்றது வாஷிங்டன். செப்டம்பர் 8 அன்று புயல் டெக்சாஸின் கால்வெஸ்டன் தீவில் ஏறியது. இறந்தவர்கள் சுமார் 8,000 பேர். அமெரிக்க வரலாற்றில் அதைவிட அதிக உயிரைக் குடித்த இயற்கைச் சீற்றம் இல்லை.

கால்வெஸ்டன் கரையில் அன்று காலையில் ஓர் அடையாளம் கண்ணுக்குத் தெரிந்தே இருந்தது. காற்று வடக்கிலிருந்து, அதாவது தரையிலிருந்து கடலை நோக்கி வீசியது. அப்படி வீசினால் நீர் கரையை விட்டு வெளியே போக வேண்டும். ஆனால் நீர் ஏறிக்கொண்டே இருந்தது. காற்றை எதிர்த்துக் கடல் ஏறுகிறதென்றால், கண்ணுக்கெட்டாத் தொலைவில் அதைவிடப் பெரிய விசை அதைத் தள்ளுகிறது என்று பொருள். கடலோடிகள் இதை மறக்கக் கூடாது.

இன்னோர் அடையாளம் அலையின் இடைவெளி. மெக்சிகோ வளைகுடா ஏறக்குறைய மூடிய கடல். சாதாரண நாளில் அங்கே ஓர் அலை முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் நான்கு முதல் ஆறு வினாடி இருக்கும். குட்டையான, படகை உலுக்குகிற அலை. அது திடீரென்று பத்து, பன்னிரண்டு வினாடிக்கு ஒருமுறை நிதானமாக உருண்டு வரத் தொடங்கினால், காற்றே இல்லாவிட்டாலும், எங்கோ ஒரு புயல் கடலைக் கடைந்துகொண்டிருக்கிறது. இன்று இதைக் கணக்கிட நடுக்கடலில் மிதவைகள் நிற்கின்றன. மணிக்கொரு முறை அலை உயரம், இடைவெளி, காற்று, அழுத்தம், நீர் வெப்பம் எல்லாம் அவற்றிலிருந்து வருகின்றன. அனுபவப்பட்ட படகோட்டிகள் அலை உயரத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. இடைவெளியையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள்.

அங்கே கடலோடிகளுக்குக் கற்றுக்கொடுக்கும் ஒரு கணக்கைச் சொல்கிறேன். மயாமியில் உள்ள தேசிய ஹரிகேன் மையம் புயல் எங்கே இருக்கும் என்று வரைபடம் கொடுக்கிறது. அதை அப்படியே நம்பக் கூடாது. நாளைய இடத்துக்கு 100 கடல் மைல், நாளை மறுநாளைய இடத்துக்கு 200, மூன்றாம் நாளுக்கு 300 என்று பிழைக்கு இடம் விட வேண்டும். அதோடு 34 நாட், அதாவது மணிக்கு 34 கடல் மைல், வேகக் காற்று வீசும் வட்டத்தையும் சேர்க்க வேண்டும். அவ்வளவு பரப்புக்குள்ளும் படகு இருக்கக் கூடாது. இன்றைய கணிப்புகள் இந்தக் கணக்கைவிட எவ்வளவோ துல்லியமானவை. ஆனாலும் கணக்கைக் கைவிடவில்லை, கைவிடவும் கூடாது என்பேன். இழுவலைப் படகு மணிக்கு எட்டுக் கடல் மைல் போனால் அதிகம். இருநூறு மைல் ஓடிக் கரை சேர ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும். முடிவை அதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டும்.

எச்சரிக்கை ஆளைச் சென்று சேர்வதும் முக்கியம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது நம் கன்னியாகுமரி ஆழ்கடல் படகுகள் பல, கரையிலிருந்து பேசினால் கேட்காத தொலைவில் இருந்தன. அதை இந்த அவையில் விரித்துச் சொல்லத் தேவையில்லை. இங்கே இருப்பவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இப்போது மீனுக்கு வருகிறேன்.

அழுத்தம் இறங்கினால் மீன் இரையெடுக்கும் என்று வளைகுடாத் தூண்டில்காரர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். புயலுக்கு முந்தைய இரண்டு நாள் நல்ல பாடு என்பது அவர்கள் நம்பிக்கை. கணக்குப் போட்டுப் பார்த்தால் சந்தேகம் வருகிறது. கடலில் ஒரு மீட்டர் ஆழம் ஏறி இறங்கினால் அழுத்தம் ஏறக்குறைய 100 மில்லிபார் மாறும். கத்ரீனா புயல் உச்சத்தில் இருந்தபோது அதன் மையத்தில் அழுத்தம் 902 மில்லிபார். சாதாரண நாளில் 1013. அவ்வளவு பயங்கரமான வீழ்ச்சியும், மீன் ஒன்று நீரில் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் எழும்பினால் உணரக்கூடிய மாற்றம்தான். நாள் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் மீனுக்கு இது பெரிதா?

பெரிதுதான் என்று காட்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஃபுளோரிடாவின் டாம்பா விரிகுடாவை ஒட்டி டெரா சீயா என்று ஆழமில்லாத ஒரு காயல் இருக்கிறது. துடுப்பு நுனி கறுத்த பிளாக்டிப் சுறாக்கள் அங்கேதான் குட்டிப் பருவத்தைக் கழிக்கின்றன. மோட் கடல் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் அந்தக் குட்டிகளில் சிலவற்றுக்கு ஒலிக்கருவி பொருத்திப் பின்தொடர்ந்துகொண்டிருந்தார்கள். 2001 செப்டம்பர் 14 அன்று கேப்ரியல் என்ற புயல் அந்தக் கரையில் ஏறியது. அதற்கு முன், அழுத்தம் இறங்கத் தொடங்கிய நேரத்திலேயே, கண்காணிப்பில் இருந்த 13 குட்டிச் சுறாக்களும் காயலை விட்டு ஆழ்கடலுக்குப் போய்விட்டன. ஒன்றுகூடத் தங்கவில்லை. அவற்றில் அதற்கு முன் காயலை விட்டு வெளியே போயிராத குட்டிகளும் இருந்தன. இரண்டு வாரத்துக்குள் எல்லாம் திரும்பிவந்தன. தான் மேலேறாமலே அழுத்தம் மட்டும் தொடர்ந்து இறங்கிக்கொண்டு போவது அந்தக் குட்டிகளுக்கு வேறொரு செய்தியாக இருந்திருக்கிறது.

எல்லா மீனும் ஓடிவிடும் என்று இதைவைத்து முடிவு கட்டிவிட வேண்டாம். 2016 அக்டோபரில் மாத்யூ புயல் பஹாமாஸ் தீவுகள் மீது நேராகப் போனபோது, அங்கே கருவி பொருத்தியிருந்த பெரிய புலிச் சுறாக்கள் நகரவே இல்லை. புயலுக்குப் பிந்தைய நாட்களில் அவற்றின் நடமாட்டம் முன்னைவிட அதிகமாகவே பதிவானது. செத்து மிதப்பதை உண்ண அவை தங்கியிருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். உடல் பெருத்தது தாங்கும், சிறியது ஒதுங்கும்.

கரையைத் தொடும் அந்தச் சில மணி நேரத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லி நகர்கிறேன். வட அரைக்கோளத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. அது போகும் திசைக்கு வலப்பக்கம் காற்றும் நகர்ச்சியும் ஒன்றுசேர்ந்து நீரைக் கரைமேல் ஏற்றும். இடப்பக்கம் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசி நீரை வெளியே இழுக்கும். 2022 செப்டம்பர் 28 அன்று இயன் புயல் ஃபுளோரிடாவின் தென்மேற்கில் ஏறியபோது இரண்டும் ஒரே நாளில் நடந்தன. ஃபோர்ட் மயர்ஸ் பீச்சில் நீர் நான்கு மீட்டருக்கு மேல் உயர்ந்தது. வடக்கே டாம்பாவில் விரிகுடாவின் அடிமண் தெரிய நீர் வற்றிப்போனது. 2017இல் இர்மா வந்தபோதும் அப்படித்தான். நம் ஆவுளியாவுக்கு உறவான மானட்டிகள் இரண்டு சரசோட்டா பக்கம் சேற்றில் சிக்கிக் கிடக்க, ஊர்க்காரர்கள் தார்ப்பாயில் உருட்டி ஆழத்துக்கு இழுத்துப் போனார்கள். அவர்கள் செய்தது நல்ல காரியம். ஆனாலும் வற்றிய கடலுக்குள் இறங்கிப் படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. காற்று திரும்பியவுடன் அந்த நீர் திரும்பும்.

இனிப் புயலுக்குப் பின்னால் வரும் நாட்கள். என் பேச்சின் முக்கியமான பகுதி இதுதான்.

கடல் அடங்கிவிட்டது, வானம் வெளுத்துவிட்டது, படகும் தப்பிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மறுநாள் தூண்டில் போட்டால் என்ன கிடைக்கும்? கரையோரத்தில் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. நீர் கறுத்திருக்கும். மழை, காட்டின் இலைதழைகளையும் வயல் மண்ணையும் ஊரின் சாக்கடையையும் அடித்துக்கொண்டு ஆற்று வழியே கழிமுகத்துக்குக் கொண்டுவந்து கொட்டியிருக்கும். அது அழுகும்போது நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. 2004 ஆகஸ்டு 13 அன்று சார்லி புயல் ஃபுளோரிடாவின் பீஸ் ஆற்றுப் படுகை வழியாகப் போனது. சில நாட்களில் ஆற்றின் நீண்ட பகுதியில் ஆக்சிஜன் அறவே இல்லாத நிலை. காற்றை நேரடியாக விழுங்கி உயிர் வாழக்கூடிய அயல்நாட்டுக் கெளுத்தி வகைகளைத் தவிர மற்ற மீன்கள் செத்தன, அல்லது உப்பு நீரை நோக்கிக் கீழே ஓடிவிட்டன. 1992இல் ஆண்ட்ரூ புயல் லூசியானாவின் அட்சாஃபலாயா ஆற்றுப் படுகையில் கோடிக்கணக்கான மீன்களை இப்படித்தான் மூச்சுத்திணற வைத்துக் கொன்றது.

சார்லிக்குப் பின் சார்லட் ஹார்பர் கழிமுகத்தைத் தொடர்ந்து வலைபோட்டுப் பார்த்தார்கள். சில வாரங்களில் அங்கே வழக்கமாக இருக்கும் மீன்களின் கலவை மீண்டுவந்துவிட்டது. பல்லாயிரம் ஆண்டாகப் புயல் அடிக்கும் கரையில் பிழைத்துவந்த உயிர்கள் அவை. போகவும் தெரியும், திரும்பவும் தெரியும்.

புயல் கடலுக்குச் செய்யும் நல்லதும் ஒன்று இருக்கிறது. மிசிசிப்பி ஆறு அமெரிக்காவின் நடுப்பகுதி வயல்களின் உரத்தையெல்லாம் வளைகுடாவில் கொண்டுவந்து சேர்க்கிறது. அதனால் கோடையில் லூசியானாவுக்கு வெளியே கடலடியில் ஆக்சிஜன் மிகவும் குறைந்துபோன ஒரு பரப்பு உருவாகிறது. 2017இல் அது 22,700 சதுர கிலோமீட்டர் வரை பரவியிருந்தது. இறாலும் நண்டும் அங்கே தங்காது. படகுகள் அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். மேலே சூடான இலகுவான நீர், கீழே குளிர்ந்த கனமான நீர் என்று அடுக்குப் பிரிந்து நிற்பதால் வருகிற கேடு இது. ஒரு பெரிய புயல் அந்த அடுக்குகளைக் கலக்கிவிட்டால் கீழே மறுபடி மூச்சு வருகிறது. சில நாளுக்கோ சில வாரத்துக்கோதான். ஆனாலும் வருகிறது.

நகர முடியாத உயிர்களின் கதை வேறு. சிப்பியால் எங்கே ஓட முடியும்? 2008 செப்டம்பரில் ஐக் புயல் கால்வெஸ்டன் விரிகுடாவின் சிப்பிப் பார்களில் பாதிக்கு மேல் மண்ணில் புதைத்தது. அவை மெல்ல மீண்டு வரும்போது 2017இல் ஹார்வி வந்தது. டெக்சாஸில் ஓர் இடத்தில் 1,539 மில்லிமீட்டர் மழை கொட்டிய புயல் அது. சென்னையில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதைவிட அதிகம். விரிகுடாவின் நீர் வாரக்கணக்கில் நன்னீராகவே இருந்தது. உப்பு இல்லாத நீரில் சிப்பி வாயை மூடிக்கொண்டு சில நாள் தாக்குப்பிடிக்கும், அதற்கு மேல் முடியாது. பார் பாராகச் செத்தது. சிப்பி ஓட்டின் மேல்தான் அடுத்த தலைமுறைச் சிப்பி ஒட்டி வளர முடியும் என்பதால், மண் மூடிய பாரில் புதுக் குஞ்சு ஒட்ட இடமே இல்லை. ஓடுகளையும் கற்களையும் கொண்டுவந்து கொட்டி அடித்தளம் அமைத்தால்தான் உண்டு.

தூண்டில்காரர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. புயலுக்குப் பின் வெதுவெதுப்பான, உப்புக் குறைந்த கரைநீரில் விப்ரியோ என்ற பாக்டீரியா பெருகும். காலில் சிறு கீறலோடு அந்த நீரில் இறங்கியவர்கள் காலை இழந்ததும் உண்டு, உயிரை இழந்ததும் உண்டு. இயனுக்குப் பின் ஃபோர்ட் மயர்ஸ் இருக்கும் லீ மாவட்டத்தில் இந்தத் தொற்று சட்டென்று கூடியது.

ஆக, ஓடக்கூடிய மீன் திரும்பிவிடுகிறது. சிப்பிக்கும் அடித்தளம் கிடைத்தால் சில ஆண்டுகளில் மீட்சி உண்டு. மீனைப் பிடிக்கிறவனின் துறை அப்படித் திரும்பி வருவதில்லை. நான் இங்கே சொல்ல வந்தது இதைத்தான்.

2005 ஆகஸ்டு 29 அன்று கத்ரீனா ஏறியது. மிசிசிப்பி மாநிலக் கரையில் நீர் எட்டரை மீட்டர் வரை உயர்ந்தது. உலகம் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குத் தெற்கே எம்பயர் என்று ஒரு மீன்பிடித் துறை. அங்கே படகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. பெரிய மீன்பிடிக் கப்பல்கள் இரண்டு நெடுஞ்சாலைக்குக் குறுக்கே போய் உட்கார்ந்துவிட்டன. அந்தக் கரையின் இறால் படகோட்டிகளில் கணிசமானவர்கள் 1975க்குப் பின் அகதிகளாக வந்த வியட்நாமியர்கள். போரில் எல்லாம் இழந்து, இருபது முப்பது ஆண்டு உழைத்துச் சொந்தப் படகு கட்டியவர்கள். படகை விட்டுப் போக மனமில்லாமல் புயல் இரவைப் படகிலேயே கழித்தவர்களும் அவர்களில் உண்டு.

அந்த இலையுதிர் காலத்தில் அரசு ஆய்வுக் கப்பல்கள் வளைகுடாவில் வலையிட்டுப் பார்த்தன. மீனும் இறாலும் குறைந்துபோனதற்கு அடையாளம் இல்லை. கடலில் இறால் நிறைய இருந்தது, பிடிக்கப் படகில்லை. படகு தப்பியவனுக்கு டீசல் இல்லை. டீசல் கிடைத்தவனுக்கு ஐஸ் இல்லை. ஐஸ் கிடைத்தவனுக்குக் கொண்டுபோய் இறக்கத் துறை இல்லை, எடைபோட்டு வாங்க ஆள் இல்லை. பிடித்த இறாலுக்கு ஐஸ் போடாவிட்டால் அந்த வெயிலில் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று இங்கே இருக்கிற பெண்களைக் கேளுங்கள், சரியாகச் சொல்வார்கள். மீன்பிடித் தொழிலில் கண்ணுக்குத் தெரிவது படகும் வலையும். ஆனால் தொழிலைத் தூக்கி நிறுத்துவது ஐஸ் கம்பெனி, டீசல் பங்க், இறங்குதுறை, வெல்டிங் பட்டறை, வலை பின்னுகிறவர், கணக்கு வைத்துக்கொண்டு கடன் கொடுக்கும் வியாபாரி, இவர்கள் எல்லோரும் குடியிருக்கும் வீடுகள். இவை எல்லாமே நீரின் விளிம்பில் இருக்கின்றன. புயல் அந்த விளிம்பைத்தான் அடிக்கிறது.

பதினாறு ஆண்டு கழித்து, அதே ஆகஸ்டு 29 அன்று, 2021இல் ஐடா புயல் லூசியானாவின் போர்ட் ஃபூர்ஷான் துறைமுகத்தில் மணிக்கு 240 கிலோமீட்டர் வேகக் காற்றோடு ஏறியது. லஃபூர்ஷ் கால்வாயின் உட்பகுதியைச் சுற்றி ஊர்மக்கள் வரி கொடுத்து எழுப்பிய வெள்ளத் தடுப்புக் கரை இருந்தது. மதகு மூடுவதற்கு முன் உள்ளே போய்விட்ட படகுகளுக்குப் புகலிடம் இருந்தது, அந்தக் கரையும் நீரைத் தடுத்து நின்றது. ஆனால் காற்றை எந்தக் கரை தடுக்கும்? வீட்டுக் கூரைகளும் துறைகளும் போயின. மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது. மின்சாரம் இல்லாவிட்டால் ஐஸ் இல்லை. நடந்துகொண்டிருந்ததோ வெள்ளை இறால் பருவம்.

இயனில் ஃபோர்ட் மயர்ஸ் பீச்சின் பின்புறம் சான் கார்லோஸ் தீவில் இருந்த இறால் படகுகளில் பெரும்பாலானவை ஒன்றோடொன்று மோதிக் கரைமேல் ஏறிக் கிடந்தன. பழைய படகுகளுக்குக் காப்பீடு கொடுக்க நிறுவனங்கள் முன்வருவதில்லை, கொடுத்தாலும் கட்டணம் கட்டுப்படியாவதில்லை. பெரிய கிரேன் வைத்துத் தூக்கி ஒவ்வொன்றாக நீரில் இறக்க மாதங்கள் ஆயின. இதற்கிடையில் நிலத்தின் விலை ஏறியது. கடலோரத்தில் மீனவன் விட்டுப்போகிற துறை மறுபடி மீன்துறையாக வருவது அரிது. உல்லாசப் படகுத்துறையும் அடுக்குமாடியும்தான் வருகின்றன. மீன்வளப் பேரிடர் என்று அரசு அறிவித்து உதவித்தொகை கொடுக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் பணம் கைக்கு வர ஆண்டுக்கணக்கில் ஆகிறது. அதற்குள் மகன் வேறு வேலைக்குப் போய்விடுகிறான்.

இந்த இடத்தில் அவர்கள் கதையில் நாமும் வருகிறோம். அமெரிக்கர்கள் உண்ணும் இறாலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இறக்குமதி. அதை அதிகம் அனுப்பும் நாடு இந்தியா. ஆந்திரப் பண்ணைகளிலிருந்து பெரும்பகுதி, நம் நாகப்பட்டினம் பக்கத்துக் குட்டைகளிலிருந்தும் ஒரு பங்கு. அந்த விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல்தான் வளைகுடாப் படகுகள் ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்தன. அவர்கள் தொடுத்த வழக்கில் 2005 பிப்ரவரியில் இந்தியா உட்பட ஆறு நாடுகளின் இறாலுக்குப் பொருள் குவிப்புத் தடுப்பு வரி வந்தது. தேதியைக் கவனியுங்கள். நம் கரையில் சுனாமி அடித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சுனாமியால் இந்தியாவிலும் தாய்லாந்திலும் நிலைமை மாறிவிட்டது, வரி தேவையா என்று மறுபடி பாருங்கள் என்ற கேள்வி எழுந்து, அமெரிக்க வர்த்தக ஆணையம் ஒரு மறுஆய்வை நடத்தியது. அது நடந்துகொண்டிருக்கும்போதே அவர்கள் கரையைக் கத்ரீனா அடித்தது. நவம்பரில் ஆணையம் வரி தொடரட்டும் என்று முடிவு சொன்னது.

ஓராண்டு இடைவெளிக்குள் கடலால் அடிபட்ட இரண்டு கரைகள், ஒரே சந்தையில் எதிரெதிரே நின்று, ஒருவர் பிழைத்தால் இன்னொருவருக்கு நஷ்டம் என்ற கணக்கில் மாட்டிக்கொண்டதை நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. இரண்டு பக்கமும் அடிபட்டவர்கள் உழைப்பாளிகள். விலையை இரண்டு பக்கமும் வேறு யாரோதான் தீர்மானித்தார்கள்.

இதையெல்லாம் மீறிக் கால் ஊன்றிய ஓர் ஊரைச் சொல்லி நிறுத்துகிறேன். ஃபுளோரிடாவின் மேற்குக் கரையில், நிலம் வளைந்து திரும்பும் பகுதியில் சீடர் கீ என்று ஒரு சிறு தீவு ஊர். 1896 செப்டம்பரில் வந்த புயல் அந்த ஊரை ஒருமுறை அழித்தது. மீண்டு வந்து வலைத்தொழில் செய்தார்கள். 1994 நவம்பரில் ஃபுளோரிடா மக்கள் வாக்களித்து, கரையோரத்தில் செவுள் வலைக்குத் தடை விதித்தார்கள். 1995 ஜூலையில் தடை நடைமுறைக்கு வந்தது. மடவைக்கு வலை விட்டுப் பிழைத்த ஊர் அது. ஒரே நாளில் தொழில் போனது. அரசு கொடுத்த பயிற்சியில் அந்த மீனவர்கள் மட்டி வளர்ப்பைக் கற்றுக்கொண்டார்கள். கடலடியை அரசிடம் குத்தகைக்கு எடுத்து, விரல் நுனி அளவு மட்டிக் குஞ்சுகளை வலைப்பைகளில் இட்டு மணலில் பதித்து வளர்க்கிறார்கள்.

2023 ஆகஸ்டில் இடாலியா, 2024 ஆகஸ்டில் டெபி, அடுத்த மாதமே ஹெலீன் என்று பதின்மூன்று மாதத்துக்குள் மூன்று ஹரிகேன்கள் அந்தக் கரையில் ஏறின. ஹெலீன் ஏற்றிய நீர் மூன்று மீட்டரை எட்டியது. துறையோரக் கட்டடங்கள் பல அடித்துப்போயின. இடாலியா அடித்து ஓராண்டு கழித்தும் சீர்செய்துகொண்டிருந்தவை அவற்றில் உண்டு. புயலில் பைகள் இழுத்துப்போய்விடும், அல்லது மணல் அவற்றை ஆழத்தில் புதைத்துவிடும். பல ஆட்கள் நீரில் இறங்கிக் காலால் தடவித் தேடி எடுக்க வேண்டும். எடுத்ததைக் கழுவிச் செத்ததைப் பிரித்து, மிஞ்சியதை மறுபடி பதிக்க வேண்டும். மழைநீரால் கெட்ட கடல் சரியாகிவிட்டது என்று சோதித்து அனுமதி வரும் வரை உயிரோடு இருக்கும் மட்டியையும் விற்க முடியாது.

குஞ்சு விட்டதிலிருந்து விற்கும் அளவுக்கு மட்டி வளர ஓராண்டிலிருந்து ஒன்றரை ஆண்டு ஆகும். எந்த மாதத்தில் விட்டாலும் புயல் மாதங்களைத் தாண்டாமல் எடுக்க வழியில்லை. அது தெரிந்தேதான் அவர்கள் ஹெலீனுக்குப் பிறகும் குஞ்சு விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.